எத்தனை கதவோ, அத்தனை பிரதி

கையால் எழுதி, வரைந்து, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, தெரிந்தவர்கள் கையில் கொடுக்கும் சிற்றிதழ்களை ஸீன் (zine) என்கிறார்கள். இந்தப் பகுதியில் அதைக் கையிதழ் என்றே எழுதுகிறோம். அக்கம்பக்கத்தாரைக் கவனித்துக்கொள்ள இது எப்படி உதவும், எப்படிச் செய்வது என்று சென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் 24 வீடுகள். ஐந்தாறு வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படங்களைத் தவிர ஒன்றும் வருவதில்லை. கையிதழ் போட ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகி, பெரம்பூர்

ஒரே ஒரு ஏ4 தாளில் தொடங்குங்கள். அதை மடித்து எட்டுப் பக்கச் சிறு புத்தகமாக்கலாம். 24 வீட்டுக்கு 24 பிரதி, கசங்கிப் போனால் மாற்ற நான்கு, மூலப்பிரதி ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். நூறு பிரதி போட்டால் மீதியை எங்காவது அடுக்கி வைக்கத் தோன்றும். கதவைத் தட்டிக் கொடுக்கும் வேலை நின்றுவிடும். கையிதழின் பாதிப் பயன் அந்தக் கதவைத் தட்டுவதில்தான் இருக்கிறது.

ஆகவே லெட்டர் பாக்ஸில் போடாதீர்கள். மாலை ஐந்து, ஐந்தரைக்கு இரண்டு பேராகப் போய்க் கையில் கொடுங்கள். கதவு திறக்காத வீட்டைக் குறித்துக்கொண்டு மறுநாள் மறுபடி போங்கள். யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, யார் வீட்டில் கேஸ் தீர்ந்து இரண்டு நாளாயிற்று என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும். மாதா மாதம் என்று அறிவித்த பல இதழ்கள் மூன்றாவதோடு நின்றுபோகக் காரணம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதுகிறார். ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுங்கள். அட்டையை ஒரு குழந்தை வரையட்டும். ஒரு பக்கம் சமையல் குறிப்பு, ஒரு பக்கம் யாராவது சொன்ன பழைய பெரம்பூர்ச் செய்தி, ஒரு பக்கம் புதிதாகக் குடிவந்தவர் அறிமுகம்.

ஒரு பக்கத்தை உதவிக்கு ஒதுக்குங்கள். அதில் “ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்பதற்குக் கூச்சம். “செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருந்துக்கடைக்குப் போகிறேன். சீட்டைக் கொடுத்தால் வாங்கி வருகிறேன். மூன்றாம் மாடி” என்று எழுதுங்கள். நாளும் நேரமும் இருந்தால் கேட்கத் தயக்கம் குறையும்.

எட்டுப் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் வந்துவிடும், மறுமுகம் முழுக்கக் காலி. அதில் தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் போடலாம். பிரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

பள்ளியில் பிள்ளைகளோடு எட்டுப் பக்க இதழ் செய்து பார்த்தோம். மடித்தால் பக்க வரிசை குழம்புகிறது. சில பக்கம் தலைகீழாக வருகிறது. சரியான முறை என்ன?
– ஆசிரியை, ஆவடி

தாளைப் படுக்கையாக வையுங்கள். நீளவாக்கில் நான்கு, உயரத்தில் இரண்டு என எட்டுக் கட்டம். ஏ4 என்றால் ஒரு கட்டம் ஏறத்தாழ 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4. இந்த நான்கும் தலைகீழாக இருக்க வேண்டும். 1 முன்னட்டை, 8 பின்னட்டை. மேல் வரிசையை எழுதும்போது தாளை முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இனி மடிப்பு. முதலில் நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு குறுகிய ஓரங்கள் இரண்டும் சேர மடித்துப் பிரியுங்கள். அந்தக் குறுகிய ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்துப் பிரியுங்கள். இப்போது எட்டுக் கட்டமும் தெரியும். மறுபடி குறுகிய ஓரங்கள் சேரும்படி பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நீளவாக்கு நடுக்கோட்டின் மீது 74 மி.மீ., அதாவது ஒரு கட்ட அகலம் வெட்டுங்கள். பிரித்தால் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்குப் பிளவு இருக்கும்.

எழுத்து வெளியே தெரிய நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளுங்கள். பிளவு வாய் திறந்து, மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறிபோல நான்கு இதழ்களாக நிற்கும். முன்னட்டை மேலே வரும்படி அவற்றை ஒரே பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் முடிந்தது. மடிப்பை நகத்தால் தேய்க்காமல் ஸ்பூனின் முதுகாலோ பழைய ஏடிஎம் அட்டையாலோ தேய்த்தால் முனை கூர்மையாகும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். திறந்த ஓரத்திலிருந்து வெட்டிவிடுவது ஒன்று. இரு முனைகளும் பிளந்துபோய், இதழாக மடிக்க வராது. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துக்கு ஏற்றபடி தானாகச் சுருக்கிக்கொள்வது இன்னொன்று. கட்டங்கள் நகர்ந்து மடிப்பு எழுத்தின் மேல் விழும். கடையில் “நூறு சதவீதத்தில் எடுங்கள்” என்று சொல்லுங்கள். மூன்றாவது, அச்சாகி வந்த கோட்டைப் பார்த்து மடிப்பது. நகல் ஒன்றிரண்டு மி.மீ. நகர்ந்துதான் வரும். எப்போதும் ஓரத்தோடு ஓரம் சேர்த்தே மடிக்கச் சொல்லுங்கள். இதற்காகவே ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றி 7 மி.மீ. காலியாக விடவேண்டும். தாளின் வெளி ஓரத்தில் 5 மி.மீ. வரை பல மெஷின்களில் அச்சாகாது என்பதும் இதில் சரியாகிவிடும்.

மீதி இடத்தில் குழந்தைகளின் எழுத்தில் 25 முதல் 30 சொற்கள்தான் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கடைசி வரியைப் பொடிப்பொடியாக எழுதமாட்டார்கள்.

அழகாக எழுதித்தான் கொடுத்தோம். ஜெராக்ஸில் புள்ளிகள் காணோம், எழுத்துகள் அடைத்துக்கொண்டன. மெஷினில் குறையா, எழுதியதில் குறையா?
– வாசகர், திருவல்லிக்கேணி

பெரும்பாலும் பேனாவிலும் அளவிலும்தான். தமிழ் எழுத்தில் சுழி நிறைய. சிறிதாக்கும்போது ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் ஒன்றாக அடைத்து, எது எதுவென்று தெரியாமல் போகும். புள்ளி அதைவிட மோசம்: மெல்லிய பேனாவால் வைத்த புள்ளியை மெஷின் தூசு என்று விட்டுவிடும், ‘பால்’ ‘பால’ ஆகிவிடும். மிகத் தடித்த பேனாவென்றால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கறுப்பு ஜெல் பேனா அல்லது 0.7, 0.8 மி.மீ. முனையுள்ள கறுப்பு ஸ்கெட்ச் பேனா சரியாக வரும். நீல பால் பாயிண்ட் வேண்டாம், நகலில் வெளிறும். சிவப்பு மை பல மெஷின்களில் கறுப்பாகவே விழும், வெளிர் மஞ்சள் காணாமல் போகும். வெளிர்நீலப் பென்சில் பெரும்பாலும் நகலில் விழாது. ஆகவே வரிக்கோடுகளை அதில் போட்டுக்கொள்ளலாம், அழிக்க வேண்டியதில்லை. புள்ளியை எழுத்தின் தலையிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி, பேனாவை ஒரு விநாடி அழுத்தி வட்டமாக வையுங்கள்.

அளவுக்குக் கணக்கு உண்டு. ஏ4-ஐ ஏ5 ஆக்க 71 சதவீதம், ஏ4-ஐ ஏ6 ஆக்க 50 சதவீதம். 5 மி.மீ. உயர எழுத்து 71 சதவீதத்தில் மூன்றரை மி.மீ. ஆகும், 50-ல் இரண்டரை. மூன்றுக்குக் கீழே போனால் வயதானவர்களுக்குப் படிக்க முடியாது. எட்டுப் பக்க இதழுக்கு எழுதுபவர்களிடம் ஏ4 தாளின் கால்பாகத்தைக் கொடுத்து, 6 மி.மீ. எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 71 சதவீதத்தில் சுருக்கினால் கட்டத்தில் சரியாக உட்காரும், எழுத்தும் நாலு மி.மீ.க்கு மேல் நிற்கும். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேல்வரியின் கு, ழு, ரு இறங்கும்; கீழ்வரியின் புள்ளியும் கி, கீ போன்றவற்றின் மேல்விலங்கும் ஏறும். இரண்டும் மோதிக்கொண்டால் வாசிப்பவர் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்.

ஒட்டிய துண்டுகளின் ஓரம் நகலில் சாம்பல் கோடாக விழும். துண்டின் ஓரத்தில் ஒயிட்னர் தடவி, நன்றாகக் காய்ந்தபின் நகல் எடுங்கள். ஈரத்தோடு வைத்தால் கடைக்காரர் கண்ணாடி பாழாகும். ஃபெவிகாலில் நீர் இருப்பதால் மெல்லிய தாள் சுருங்கும், சுருக்கமும் நிழலாக விழும். க்ளூ ஸ்டிக் போதும். முதல் நகல் ஒன்றை மட்டும் எடுத்து, மடித்துப் பார்த்து, பிறகு மீதியைச் சொல்லுங்கள். எந்த அவசரத்திலும் இதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் திருவல்லிக்கேணியிலேயே 1927-ல் தொடங்கிய ‘முஸல்மான்’ என்ற உருது நாளிதழை எழுத்துக் கலைஞர்கள் பல பத்தாண்டுகள் கையாலேயே எழுதினார்கள். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டுவைப்பார்கள். கையிதழுக்கும் இது உதவும். கடைசிப் பக்கத்தில் நான்கு வரி இடம் விட்டால், நகல் எடுக்கப் போகும் அன்று “இரண்டாம் மாடியில் பாட்டி ஊரிலிருந்து வந்துவிட்டார்” என்று சேர்க்கலாம்.

தாள் எங்கே வாங்குவது? என்ன தாள் கேட்பது?
– வாசகர், கொளத்தூர்

பாரிமுனைக்கு அருகே ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகை அட்டையும் தாளும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உள்தாளுக்கு 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அட்டைக்கு 150 முதல் 200. எட்டுப் பக்க ஒற்றைத்தாள் இதழுக்கு 80-க்கு மேல் போகாதீர்கள். மடிப்பு தடித்து வாய் பிளந்து நிற்கும். ஒரு ரீம் என்பது 500 தாள். 30 பிரதி போடும் குழுவுக்குப் பல இதழ்களுக்கு வரும்.

ரீமை ஒரேயடியாகப் பிரித்துப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் திறந்துகிடந்த தாள் நெளியும், மெஷினில் சிக்கும், கறுப்புப் பொடியும் சரியாக ஒட்டாமல் விரலோடு வரும். தேவையானதை எடுத்துக்கொண்டு உறையை மூடி டேப் ஒட்டுங்கள்.

பதினாறு பக்கத்தில் பெரிதாகச் செய்ய வேண்டும். பக்கங்களை எப்படி அமைப்பது? பின் அடிப்பதா, தைப்பதா?
– நூலக வாசகர் வட்டம், மயிலாப்பூர்

ஏ4-ஐப் பாதியாக மடித்தால் ஒரு தாளுக்கு நான்கு பக்கம். பதினாறுக்கு நான்கு தாள். ஒரே முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் 17 வரவேண்டும். ஒற்றைப்படை எண் வலப்பக்கம். வெளித்தாளின் ஒரு முகம் 16, 1. மறுமுகம் 2, 15. அடுத்தது 14, 3, 4, 13. பிறகு 12, 5, 6, 11. உள்தாள் 10, 7, 8, 9. இருபக்கம் நகல் எடுக்கும்போது குறுகிய ஓரத்தில் திருப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மறுமுகம் தலைகீழாக வரும்.

தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியதும் உள்தாள் வெளியே துருத்தும். அதனால் ஓரத்தில் 10 மி.மீ. விட்டு எழுதி, கடைசியில் இரும்பு ஸ்கேல் வைத்துக் கட்டரால் ஒரு ஓரத்தை மட்டும் நறுக்குங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் தாள் கிழியும். லேசாக நாலைந்து முறை ஓட்டினால் போதும்.

அட்டையின் மடிப்பில் வெடிப்பு வருவது தாளின் நார்ப் போக்கினால். ஏ4 தாள்களில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், நாம் அதற்குக் குறுக்கே மடிக்கிறோம். பெரிய அட்டையாக வாங்கினால் இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்பு இதழின் முதுகில் வரும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். ஏ4 அட்டைதான் கிடைத்தது என்றால் மை தீர்ந்த பால் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திக் கீறி, பிறகு மடியுங்கள்.

பின் அடிக்கச் சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. நீளக் கை ஸ்டேப்ளர் இல்லையென்றால், ஸ்டேப்ளரை முழுதாகத் திறந்து, இதழை விரித்துத் தெர்மாகோல் மேல் கவிழ்த்து வைத்து முதுகில் அழுத்துங்கள். பின்னின் கால்கள் தெர்மாகோலில் இறங்கும். மெதுவாக எடுத்து, உட்பக்கம் ஸ்பூனால் மடக்குங்கள். ஆனால் சாந்தோம், மயிலாப்பூர்க் கடல்காற்றில் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை விடும். பாதுகாக்க வேண்டிய இதழ் என்றால் நூல்தான்.

தைக்க மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 35 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று. கோணி ஊசியால் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். முறுக்கான பருத்தி நூல் 55 செ.மீ.; மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்தால் சிக்காது. உள்ளிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே விடுங்கள், உள்பக்கம் எட்டு செ.மீ. வால் இருக்கட்டும். வெளியே மேல்துளைக்குப் போய் உள்ளே வாருங்கள். நடுத்துளையைத் தாண்டி நேரே கீழ்த்துளைக்குப் போய் வெளியே. அங்கிருந்து நடுத்துளை வழியே உள்ளே. இப்போது நூலின் இரு முனையும் நீளத் தையலின் இரு பக்கமும் இருக்கும். அந்தத் தையலைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். நூலை இறுக்கும்போது முதுகின் போக்கிலேயே இழுங்கள். குறுக்கே இழுத்தால் துளை கிழியும். தையல் பழகிய கைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. “எனக்கு எழுத வராது” என்று ஒதுங்கும் அம்மாக்களை இந்த வேலைக்குத் தலைமை ஏற்கச் சொல்லுங்கள்.

கணவருக்கு மறதி நோய். அவரை விட்டு என்னால் ஒரு மணி நேரம்கூட வெளியே போக முடியாது. இப்படிக் கூடிச் செய்வதில் நான் எப்படிச் சேர்வது?
– வாசகி, கே.கே. நகர்

நீங்கள் போக வேண்டாம், இதழ் உங்களிடம் வரட்டும். இதற்குச் சுற்றிதழ் ஏற்றது. தமிழில் கையெழுத்துப் பத்திரிகைக்காரர்கள் ஒரே பிரதியை வீடு வீடாகச் சுற்றவிட்டு, கடைசியில் வெற்றுத்தாள் வைத்து வாசகர் கருத்தை எழுதி வாங்கிய பழக்கம் பழையது. அதையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

ஆறு முதல் எட்டு வீடு. ஒரு துணிப்பை, அதில் ஏ5 அளவுத் தாள்கள் இருபது, கறுப்புப் பேனா இரண்டு, க்ளூ ஸ்டிக் ஒன்று, வரிசைச் சீட்டு ஒன்று. ஒரு வீட்டில் நான்கு நாள். முதல் வீட்டார் ஒரு பக்கம் எழுதி அடுத்த வீட்டில் கொடுப்பார். அவர் அதைப் படித்துத் தன் பக்கத்தைச் சேர்ப்பார். பத்து நிமிடம் கிடைக்கும்போது ஒரு வரி எழுதலாம், மாத்திரைப் பட்டையைச் சுற்றி வரைந்தால்கூட அது ஒரு பக்கம். பை கொண்டுவருபவரிடம் ஒரு வேலையைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: வரும்போது அரைமணி உங்கள் கணவரோடு உட்கார வேண்டும். நீங்கள் குளிக்கலாம், சும்மா படுக்கலாம். இதைக் கூச்சப்படாமல் வரிசைச் சீட்டிலேயே எழுதிவிடலாம்.

பை எங்காவது ஒரு வீட்டில் தங்கிப்போவது சகஜம். அதற்காகக் கோபிக்காமல், ஐந்தாம் நாள் முந்தைய வீட்டார் போய் எடுத்து அடுத்த வீட்டில் சேர்ப்பது என்று விதி வையுங்கள். எழுத முடியாதவர் வெற்றுத்தாளில் பெயர் மட்டும் போட்டால் போதும். ஒரே மூலம் தொலைந்தால் எல்லாம் போச்சு. இரண்டு வீட்டுக்கு ஒருமுறை எழுதிய பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் கணவரும் பங்கேற்கலாம். “ஞாபகம் இருக்கா?” என்று கேட்காதீர்கள், அது பரீட்சையாகிவிடும். பித்தளை ஃபில்டர், பழைய ரயில் டிக்கெட், மல்லிச்சரம் என ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். ஆண்டு தவறா, ஊர் தவறா என்று திருத்த வேண்டாம்.

பாட்டி, தாத்தா சொல்வதை எழுதி வாங்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? அவர்கள் வாக்கியத்தைத் திருத்தலாமா?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

திருத்தாதீர்கள். “அப்பல்லாம் கூவத்துல குளிப்போம்” என்றால் அப்படியே இருக்கட்டும். எழுத்துத்தமிழாக்கினால் சொன்னவருக்கே அது அந்நியமாகிவிடும். எழுதியதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லும் வரியை, எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் இன்னொரு முறை கேளுங்கள். பேசிய உற்சாகத்தில் சொன்னது மறுநாள் சங்கடமாக இருக்கலாம். கொடுத்த பிரதியைத் திரும்ப வாங்க முடியாது.

வீட்டு எண்ணும் ‘தனியாக இருக்கிறார்’ என்ற செய்தியும் ஒரே பக்கத்தில் வரவே கூடாது. நோயின் பெயர், மருமகளோடு சண்டை, நகை, பென்ஷன் தேதி எதுவும் வேண்டாம். குழந்தைகள் முகம் தெரியும் படமும் வேண்டாம். அவர்கள் வரைந்த படம் போதும்.

யாராவது வாழப் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அதை இதழுக்கான பக்கமாகப் பார்க்காதீர்கள். அன்றே போய் உட்கார்ந்து பேசுங்கள், வீட்டில் நம்பகமான ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழ்நாடு அரசின் 104-லும் பேச ஆள் கிடைக்கும். இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு இதழின் பின்னட்டையிலும் வழக்கமாகப் போட்டுவிடுங்கள். தேவைப்படுபவர் கேட்காமலே பார்த்துக்கொள்வார்.

மழைக்காலத்துக்கென்று ஒரு இதழ் செய்ய முடியுமா? எங்கள் தெருவில் 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் புகுந்தது.
– குடியிருப்போர் சங்கம், வேளச்சேரி

செய்யுங்கள், புரட்டாசிக்குள் வீடுகளில் சேர்த்துவிடுங்கள். கரண்டும் டவரும் போன நேரத்தில் போனில் இருக்கும் எண் உதவாது.

எண்கள்: ஆம்புலன்ஸ் 108, சென்னை மாநகராட்சி 1913, மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, முதியோர் உதவிக்கு 14567. தாம்பரம், ஆவடி தனி மாநகராட்சிகள். அங்கே 1913 செல்லாது, அவரவர் எண்ணைப் போட வேண்டும்.

இதைவிட முக்கியம், வீட்டார் தாமே நிரப்பும் பக்கங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை. மின் இணைப்பு எண், கேஸ் நுகர்வோர் எண். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது. தண்ணீர் வந்தால் எந்த மாடி வீட்டுக்குப் போவது, அந்த வீட்டார் சம்மதித்துப் போட்ட கையெழுத்து. நடக்க முடியாதவரை யார் இருவர் தூக்கிச் செல்வது. அந்த இருவர் பெயரும் அவர்களே எழுதியதாக இருக்கட்டும். தெருப்படம் ஒன்று வரைந்து, எந்த முனையில் முதலில் தண்ணீர் தேங்கும், திறந்த மேன்ஹோல் எங்கே என்று குறியுங்கள். இதை வரைய உங்கள் தெருவில் அதிக நாள் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுக்காதீர்கள், பெரும்பாலும் ஈரம் பட்டதும் மை பரவும். ஜெராக்ஸ், லேசர் பிரதியில் பொடி உருகி ஒட்டியிருப்பதால் கரையாது. ஆனால் நிரப்பும் பக்கங்களில் ஜெல் பேனாவால் எழுதினால் அது கரையக்கூடும். அங்கே மட்டும் பால் பேனா அல்லது பென்சில். ஜிப் கவரில் போட்டு, ரேஷன் அட்டை இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆவணியிலும் எண்களைச் சரிபார்த்து மறுபதிப்புப் போடுங்கள், அட்டையில் ஆண்டு தெரியட்டும்.

பாரதியார் பாட்டு, சினிமாப் பாட்டு போடலாமா? இதழுக்குப் பதிவு வேண்டுமா?
– வாசகர், வில்லிவாக்கம்

பாரதியார் பாடல்கள் 1949-லேயே நாட்டுடைமையானவை, தாராளமாகப் போடலாம். சினிமாப் பாட்டு அப்படி அல்ல. எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. முழுப் பாட்டைப் போடாமல், அந்தப் பாட்டு உங்களுக்கு என்ன என்று எழுதுங்கள். 2023-ஆம் ஆண்டுப் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் பேசுவது, பொதுச் செய்திகளையும் அவை பற்றிய கருத்துகளையும் குறிப்பிட்ட இடைவெளியில் அச்சிட்டு வெளியிடும் இதழ்களைப் பற்றி. வடாம் குறிப்பும் தெருப்படமும் கொண்ட இதழ் அதில் சேராது. அரசியல் செய்தி போடும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

விலை வைக்கலாமா? ஊர் மாறிப் போனவர்களுக்கு எப்படி அனுப்புவது?
– வாசகி, அண்ணா நகர்

தெருவுக்குள் கொடுப்பதற்கு விலை வேண்டாம். செலவு, தாளும் ஜெராக்ஸும்தான். ஒரு இதழ் ஒரு வீட்டார் முறை என்று வைத்தால் யாருக்கும் பாரமில்லை. கொடுக்க முடியாதவர் மடிக்கும் மாலையில் வந்து உட்காரட்டும். ஐந்து பேர் உட்கார்ந்தால் 30 பிரதி அரைமணியில் மடித்துவிடலாம், பேச்சு அதற்கு மேலும் போகும்.

75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 4.7 கிராம். எட்டுப் பக்க இதழும் உறையும் சேர்ந்து 20 கிராமுக்குள் அடங்கும், சாதாரணத் தபாலில் போகும். பதினாறு பக்கத்தில் உள்தாள் மட்டுமே கிட்டத்தட்ட 19 கிராம். அட்டை சேர்த்தால் அடுத்த எடைக்குப் போய்விடும். தபால் நிலையத்தில் எடை போட்டு ஒட்டுங்கள். எடைக்குத் தபால்தலை போதாவிட்டால் வாங்குபவர் காசு கட்ட நேரும்.

பழைய பிரதிகள் ஒட்டிக்கொள்கின்றன, பூச்சி அரிக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், ராயபுரம்

பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருப்பீர்கள். பிவிசி உறையில் ஜெராக்ஸ் பொடி வெயில் காலத்தில் ஒட்டிக்கொண்டு, எழுத்து உறையோடு வந்துவிடும். காகித உறைக்கு மாற்றுங்கள். மூலப்பிரதியை மடிக்காமல் அட்டைக்கு நடுவே தட்டையாக வையுங்கள். சுவரோடு ஒட்டிய அலமாரியில் கீழ்த்தட்டு வேண்டாம். வெள்ளிப்பூச்சிக்கு இருட்டும் ஈரமும் பசையும் பிடிக்கும். மைதாப் பசையில் ஒட்டியவற்றை முதலில் அது தின்னும். பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு, ஆனால் அது விஷம்; குழந்தைகள் கை படும் இதழில் கலக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில் காற்றாட வைத்துத் தட்டி எடுத்தாலே பாதிப் பூச்சி போய்விடும். இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில், முடிந்தால் வேறொரு மாடியில் வைத்திருங்கள்.